விவாதம்: நீட், ஜே.இ.இ., க்யூட் பயிற்சியைப் பாட பீரியடுக்குள்ளேயே நடத்துவது எப்படி? (கடலூர் – புதுச்சேரி)

மஞ்சக்குப்பம்_இயற்பியல்

நீட் (மருத்துவம்), ஜே.இ.இ. (பொறியியல்), க்யூட் (மத்தியப் பல்கலைக்கழகம்) நுழைவுத்தேர்வுகளுக்கான பயிற்சியைப் பற்றிப் பள்ளி திறக்குமுன் பேசி முடித்துக்கொள்வோம். மாலை 4.30-க்கு மேல் "நீட் வகுப்பு" என்று தனியாக வைத்தால் இரண்டு வாரத்தில் பாதி வகுப்பு காலி. குறிஞ்சிப்பாடி, ரெட்டிச்சாவடி பக்கமிருந்து வரும் பிள்ளைகளுக்குப் பஸ் போய்விடும். உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளும் காலை ஒன்பதிலிருந்து கேட்டுக் களைத்துப் போனவர்கள்தான். தனி வகுப்பை நம்பாமல் 45 நிமிட பீரியடையே கொஞ்சம் மாற்றிப் பிரிக்கலாம் என்பது என் கட்சி.

வருகைப் பதிவுக்கும் நேற்றைய பாடத்தை ஞாபகப்படுத்தவும் 5 நிமிடம். பாடம் 30. கடைசி 10 நிமிடம் மூன்று கொள்குறி வினா (நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது). இந்த 10 நிமிடம் எங்கிருந்து வரும்? நோட்ஸ் சொல்லி எழுத வைப்பதிலிருந்து. வரிக்கு வரி சொல்லி எழுத வைப்பதை நிறுத்தினால் பீரியடுக்கு அவ்வளவு நேரம் தாராளமாகக் கிடைக்கும். விடை புத்தகத்திலேயே இருக்கிறது, எந்தப் பத்தி என்று அடிக்கோடு போடச் சொன்னால் போதும்.

மூன்று வினாவில் ஒன்று இன்று நடத்தியதிலிருந்து, ஒன்று போன வாரத்திலிருந்து, ஒன்று பிளஸ் ஒன் பாடத்திலிருந்து. மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். நீட் வினாத்தாளில் ஏறக்குறைய பாதி பிளஸ் ஒன் பாடம். பிளஸ் ஒன் பொதுத்தேர்வும் இப்போது இல்லை என்பதால் அந்தப் பாடங்களை யாரும் திரும்பிப் பார்க்காமல் போகும் ஆபத்து கூடிவிட்டது.

வாரம் 7 பீரியடில் செய்முறைக்கும் தேர்வுக்கும் 2 கழித்தால் 5. ஐந்து மூன்று பதினைந்து. 25 வாரத்துக்கு 375 வினா, ஒரு பாடத்துக்கு மட்டும், ஒரு நிமிடம் கூடுதல் வகுப்பு இல்லாமல்.

வினா எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு உதாரணம். மின்தேக்கியில் மின்காப்புப் பொருளை நுழைக்கும் பகுதி ஐந்து மதிப்பெண் வினாவாக எல்லோரும் நடத்துவதுதான். அதை முடித்த கையோடு:

"மின்கலத்தோடு இணைத்தபடியே மின்தேக்கியின் தகடுகளுக்கு நடுவே மின்காப்பு மாறிலி 5 உள்ள பொருளை நுழைத்தால் சேமிக்கப்பட்ட ஆற்றல் என்ன ஆகும்? (1) 5 மடங்காகும் (2) ஐந்தில் ஒரு பங்காகும் (3) மாறாது (4) 25 மடங்காகும்."

சரியான விடை (1). (2) என்பவர் மின்கலத்தைக் கழற்றிவிட்ட நிலையோடு குழப்பிக்கொள்கிறார். (3) என்பவர் மின்னழுத்தம் மாறவில்லை என்பதோடு நின்றுவிட்டார், மின்தேக்குத்திறன் கூடியதைப் பார்க்கவில்லை. (4) என்பவர் மின்னூட்டம், மின்னழுத்தம் இரண்டுமே 5 மடங்காகும் என்று நினைக்கிறார். எந்த விடைக்கு எத்தனை கை எழுகிறது என்று பார்த்தாலே எந்த வரியைத் திரும்ப நடத்த வேண்டும் என்று தெரியும். தவறான விடை ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட குழப்பத்தைக் காட்டிக்கொடுக்க வேண்டும். அப்படி அமையாத வினாவுக்கு அந்த 10 நிமிடத்தைக் கொடுக்காதீர்கள்.

வில்லியனூர்_வேதியியல்

சார், வேதியியலுக்கும் இது அப்படியே பொருந்தும். ஆனால் அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது: எந்தப் பாடம் எங்கே இருக்கிறது என்று ஒத்துப் பார்ப்பது. கடலூரில் நீங்கள் நடத்தும் மாநிலப் பாடத்திட்டமும் புதுச்சேரியில் நாங்கள் நடத்தும் என்.சி.இ.ஆர்.டி.யும் (சி.பி.எஸ்.இ. பாடநூல்) ஒரே வரிசையில் போவதில்லை.

கரைசல்கள் உங்களுக்குப் பிளஸ் ஒன்னில், எங்களுக்குப் பிளஸ் டூவில். ஹேலோ ஆல்கேன், ஹேலோ அரீனும் அப்படியே. அயனிச் சமநிலை தலைகீழ்: உங்களுக்குப் பிளஸ் டூ 8-ஆம் பாடம், எங்களுக்குப் பிளஸ் ஒன்னில் சமநிலைப் பாடத்துக்குள்ளேயே வந்துவிடும். வெளியில் வாங்கும் பயிற்சிப் புத்தகங்கள் எல்லாம் என்.சி.இ.ஆர்.டி. வரிசைதான். கடலூர்ப் பிள்ளை பிளஸ் ஒன்னிலேயே தாங்கல் கரைசல் கணக்கைப் பார்த்து மிரண்டுபோவது இதனால்தான். அது இன்னும் நடத்தாத பாடம் என்று சொல்லிவிட்டால் பயம் போய்விடும்.

இன்னொன்று, 2024-லிருந்து நீட் பாடத்திட்டம் குறைந்திருக்கிறது. மாநிலப் பிளஸ் டூ புத்தகத்தில் உலோகவியல் (1), திட நிலைமை (6), புறப்பரப்பு வேதியியல் (10), அன்றாட வாழ்வில் வேதியியல் (15) நான்கும் நீட்டுக்கு இல்லை. பொதுத்தேர்வுக்கு உண்டு. அந்த நான்குக்கும் பொதுத்தேர்வு வினாக்களை மட்டும் பார்த்துக்கொண்டு நகருங்கள். அந்த நாட்களின் கடைசி 10 நிமிடத்தைப் பிளஸ் ஒன் வேதிப்பிணைப்புக்கும் மோல் கணக்குக்கும் கொடுங்கள். முதல் பாடமே உலோகவியல் என்பதால் ஜூன் முழுக்க அதிலேயே ஊறிக் கிடக்கும் வகுப்புகள் நிறைய. அங்கே மிச்சமாகும் நாட்கள் பிறகு அயனிச் சமநிலைக்குக் கைகொடுக்கும்.

வேதியியலில் பிள்ளைகள் சறுக்கும் இடத்துக்கு ஒன்று. "10⁻⁸ மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பி.எச். மதிப்பு?" சூத்திரத்தில் போட்டுக் கை எல்லாம் 8-க்கு எழும். "அமிலத்துக்கு பி.எச். 7-க்கு மேல் வருமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு ஒரு நிமிடம் பேசாமல் இருங்கள். யாராவது தண்ணீரின் 10⁻⁷-ஐக் கூட்ட வேண்டும் என்று சொல்லிவிடுவார்கள். வெறுமனே கூட்டினால் 6.96, இருபடிச் சமன்பாடு போட்டால் 6.98. கொடுத்திருக்கும் நான்கில் 7-க்குச் சற்றுக் கீழே இருப்பது ஒன்றுதான் என்றால் இருபடிச் சமன்பாடே போட வேண்டாம். பொதுத்தேர்வில் படிப்படியாக எழுதினால் மதிப்பெண், இங்கே விடையைப் பார்த்துக் கணக்கை நிறுத்தத் தெரிய வேண்டும். இரண்டையும் ஒரே வினாவில் ஒரே நாளில் காட்டிவிடலாம்.

பண்ருட்டி_கணக்கு

மறுத்துப் பேசுவதற்கு மன்னிக்கவும். ஒரு வகுப்பில் 50 பேர் இருந்தால் நீட் எழுதப்போவது எத்தனை பேர்? தமிழ்நாட்டில் பொறியியலுக்கு நுழைவுத்தேர்வை எடுத்து 2007-லிருந்து பிளஸ் டூ மதிப்பெண்தான். கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக 200-க்குக் கட் ஆஃப். வேளாண்மை, கலைக் கல்லூரி எல்லாம் மதிப்பெண்தான். தேர்ச்சிக்கே தத்தளிக்கும் பிள்ளைகள் கடைசி இரண்டு பெஞ்சில் இருக்கிறார்கள். அவர்களுக்கு நோட்ஸ் சொல்லி எழுத வைப்பதுதான் ஒரே பிடிமானம். அதை எடுத்துவிட்டு 25 மடங்கா 5 மடங்கா என்று கேட்டால் அவர்கள் இன்னும் பின்னால் போய்விடுவார்கள். 10 பேருக்காக 40 பேரின் நேரத்தை எடுக்கலாமா?

மஞ்சக்குப்பம்_இயற்பியல்

சார், நியாயமான கேள்வி. இரண்டு விஷயம் சொல்கிறேன்.

முதலாவது, அந்த 10 நிமிடம் பொதுத்தேர்வுக்கும் ஆகும். இயற்பியல் வினாத்தாளில் 70-க்கு 15 ஒரு மதிப்பெண் வினா. உங்கள் கணிதத்தில் 90-க்கு 20. உயிரியலில் தாவரவியல் 8, விலங்கியல் 8. கடைசி பெஞ்ச் பிள்ளைக்குத் தேர்ச்சியைத் தூக்கிக் கொடுப்பதே இந்தப் பகுதிதான். இப்போது அவர்கள் புத்தகப் பின்பக்க வினாக்களை "மூன்றாவது கேள்விக்கு ஆ" என்று விடை எழுத்தோடு மனப்பாடம் செய்கிறார்கள். விடைகளை இடம் மாற்றிப் போட்டால் போச்சு. எனவே முதல் வினா எப்போதும் புத்தகப் பின்பக்க வினாவாகவே இருக்கட்டும், விடைகளை மட்டும் கலைத்துப் போடுங்கள். எண்ணை மாற்றுங்கள். அது 50 பேருக்கும் உரியது.

இரண்டாவது, கேட்கும் விதம். "யாருக்குத் தெரியும்?" என்று கேட்டால் முதல் பெஞ்ச் மூன்று பேர்தான் பதில் சொல்வார்கள். பழைய நோட்டு அட்டையை வெட்டி ஆளுக்கு நான்கு சீட்டு, 1, 2, 3, 4 என்று பெரிதாக எழுதியது. நீட்டில் விடைகள் எண்ணில்தான் வரும் என்பதால் அ, ஆ வேண்டாம். ஒரு நிமிடம் தனியாக யோசிக்க வேண்டும், "காட்டு" என்றதும் எல்லோரும் ஒரே நேரத்தில் தூக்க வேண்டும். பத்தில் ஏழு பேருக்கு மேல் சரி என்றால் ஒரு வரியில் விளக்கிவிட்டு அடுத்த வினா. மூன்றுக்கும் ஏழுக்கும் நடுவில் என்றால் விடையைச் சொல்லாதீர்கள். பக்கத்தில் இருப்பவரிடம் இரண்டு நிமிடம் வாதாடச் சொல்லி மறுபடியும் சீட்டு. மூன்றுக்கும் கீழ் என்றால் பாடம் போய்ச் சேரவில்லை, மறுநாள் அதே பகுதியை வேறு மாதிரி நடத்த வேண்டியதுதான். பின் பெஞ்ச் பிள்ளை வாய் திறப்பது அந்த இரண்டு நிமிடத்தில்தான். ஆசிரியரிடம் கேட்கக் கூசுவதைப் பக்கத்துப் பையனிடம் கேட்டுவிடுவான்.

மூன்று வினாவுக்கு மேல் போகக் கூடாது. ஐந்து என்று ஆசைப்பட்டால் விளக்க நேரமில்லாமல் விடையை மட்டும் சொல்லி மணி அடித்துவிடும்.

நெல்லிக்குப்பம்_உயிரியல்

நீட்டில் 180 வினாவில் 90 உயிரியல், 720-ல் 360 மதிப்பெண். ஆனால் எல்லாப் பேச்சும் இயற்பியலைச் சுற்றியே நடக்கிறது. 180 நிமிடத்தில் 180 வினா என்ற முறை 2025-லிருந்து. அதற்கு முன் 200 நிமிடம் இருந்தது, விட்டுவிடவும் சில வினா இருந்தன. இப்போது விருப்பத்தேர்வு கிடையாது. உயிரியல் 90-ஐ 45 முதல் 50 நிமிடத்தில் முடித்தால்தான் இயற்பியல் கணக்குக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும். அதற்கு வினாவைப் பார்த்ததும் புத்தக வரி கண்முன் வர வேண்டும்.

உயிரியலுக்குக் கடைசி 10 நிமிடத்தை வேறு மாதிரி வைக்கலாம். இன்று நடத்திய இரண்டு பக்கத்தைப் பிள்ளைகள் மௌனமாக ஒருமுறை வாசிக்கட்டும், 4 நிமிடம். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு நான்கு கூற்று சொல்லுங்கள், எது தவறு என்று சீட்டுத் தூக்கட்டும். தவறான கூற்றைத் தயாரிக்கப் பெரிய வேலை இல்லை, புத்தக வரியில் ஒரே ஒரு சொல்லை மாற்றினால் போதும். "ஹென்லேயின் வளைவின் இறங்கு தூம்பு நீரை உட்புக விடாது, ஏறு தூம்பு நீரை உட்புக விடும்" என்று இடம் மாற்றிச் சொல்லிப் பாருங்கள். பாடத்தைக் கதையாகக் கேட்ட பிள்ளை தலையாட்டிவிடும், வரியை வாசித்த பிள்ளை மட்டும் பிடித்துவிடும்.

பொருத்துக வினாவில் நான்கையும் பொருத்தப் போகக் கூடாது. உறுதியாகத் தெரிந்த ஒன்றை வைத்து விடைகளை அடித்துக்கொண்டே வர வேண்டும். பெரும்பாலும் இரண்டு இணை தெரிந்தால் விடை வந்துவிடும். இதையும் வாயால் சொன்னால் ஏறாது, கரும்பலகையில் அடித்துக் காட்ட வேண்டும்.

தமிழ்வழிப் பிள்ளைகளைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். தமிழ் வினாத்தாள் கேட்டால் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த வினாத்தாள்தான் வரும். மொழிபெயர்ப்பில் சந்தேகம் வந்தால் ஆங்கிலத்தில் இருப்பதே இறுதி என்பது விதி. 2018-இல் 49 வினாக்களில் மொழிபெயர்ப்புக் கோளாறு என்று வழக்குப் போய், உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 196 மதிப்பெண் கொடுக்கச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. நம் பிள்ளைகள் ஆங்கிலச் சொல்லை அடையாளம் கண்டுகொள்ளும் அளவுக்காவது பழகியே ஆக வேண்டும். தினமும் கரும்பலகையின் வலது ஓரத்தில் அன்றைய பாடத்தின் 5 கலைச்சொல்லை இரண்டு மொழியிலும் எழுதுங்கள். மைட்டோகாண்ட்ரியா மாதிரி ஒலிபெயர்ப்புச் சொல் வேண்டாம், அது தானாகத் தெரியும். "நெஃப்ரான்" என்று எழுதி நேரத்தை வீணாக்காமல் "வடிதிரவம்", "சவ்வூடு பரவல்", "ஓங்குதன்மை" போன்றவற்றை எழுதுங்கள். வருகைப் பதிவு எடுக்கும்போது பெயருக்குப் பதில் ஒரு சொல்லைக் கேட்டு எழுப்பினாலும் சரி.

முதுநகர்_பெற்றோர்

ஆசிரியர்களுக்கு வணக்கம். பொண்ணு பிளஸ் ஒன் பயோ மேத்ஸ், அரசுப் பள்ளி. வெளியில் இரண்டு வருட கோச்சிங் சேர்க்கச் சொல்கிறார்கள், இரவு 9 மணிக்கு வேனில் வர வேண்டும். பள்ளியில் இப்படி நடத்தினால் அது தேவையா? 7.5 சதவீதம் இருப்பதால் குறைந்த மதிப்பெண் போதும் என்கிறார்களே, உண்மையா?

நெல்லிக்குப்பம்_உயிரியல்

வணக்கம் ஐயா. மருத்துவ இடங்களில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. 2020-இல் வந்த சட்டம். அதில் தனித் தரவரிசை என்பதால் கடைசி இடத்துக்கான மதிப்பெண் பொதுப் பிரிவைவிடக் குறைவாக நிற்கும், அது உண்மைதான். ஆனால் அந்த இடங்களுக்கும் போட்டி வருடா வருடம் மாறும். "இவ்வளவு எடுத்தால் போதும்" என்று யாரும் எண் சொன்னால் நம்பி நிறுத்திவிடாதீர்கள். பாப்பாவின் டி.சி., ஆறாம் வகுப்பிலிருந்து எந்தப் பள்ளி என்ற சான்று எல்லாவற்றையும் இப்போதே எடுத்து ஒரு ஃபைலில் வையுங்கள். கலந்தாய்வு நேரத்தில் அலைவதைவிட அது மேல்.

கோச்சிங்கைப் பொறுத்தவரை, பிளஸ் ஒன்னில் 9 மணிக்கு வீடு வந்து சாப்பிட்டுப் படுத்தால் அன்றைய பாடத்தை எப்போது வாசிப்பாள்? முதல் வருடம் பள்ளிப் பாடமும் தினம் ஒரு மணி நேரம் அன்றன்றைய பாட வினாக்களும் போதும். பிளஸ் டூ பொதுத்தேர்வு முடிந்து நீட் வரை ஒரு மாதத்துக்கு மேல் கிடைக்கும். முழுத் தேர்வு எழுதிப் பழக அப்போது சேர்ந்தால் பயன் உண்டு. பாடமே புரியாமல் அந்த ஒரு மாதத்தில் மட்டும் சேர்ந்து பயனில்லை.

பாகூர்_டீச்சர்

புதுச்சேரி பக்கத்து நிலைமையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கே அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறி 2025-இல்தான் முதல் பிளஸ் டூ தேர்வு எழுதினார்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவத்தில் 10 சதவீத ஒதுக்கீடும் உண்டு. ஜிப்மர் மருத்துவக் கல்லூரிக்குத் தனித்தேர்வு 2019-ஓடு முடிந்தது, அதுவும் நீட்தான். எட்டாம் ஒன்பதாம் வகுப்பு வரை தமிழில் படித்த பிள்ளைகள் திடீரென்று ஆங்கிலப் புத்தகத்துக்கு வருகிறார்கள். பாதிப் பேருக்குத் தடை அறிவியலில் இல்லை, வினாவை வாசிப்பதில்தான். உயிரியல் டீச்சர் சொன்ன மௌன வாசிப்பு இங்கே வேதியியலுக்கும் இயற்பியலுக்கும்கூடத் தேவை.

ஒரு வசதியும் இருக்கிறது. சி.பி.எஸ்.இ. இயற்பியல் வினாத்தாளில் 16 மதிப்பெண் கொள்குறி, அதில் 4 கூற்று–காரணம். தகுதி அடிப்படை வினாக்கள் (படித்ததைப் பயன்படுத்திப் பார்க்க வைப்பவை) பாதிக்குப் பாதி. பொதுத்தேர்வுக்கு ஒழுங்காகத் தயார் செய்தாலே நுழைவுத்தேர்வுக்குப் பாதி தூரம் வந்தாயிற்று.

நீட், ஜே.இ.இ. மட்டும்தான் நுழைவுத்தேர்வா? வணிகவியல், கலைப் பிரிவுப் பிள்ளைகளை எல்லோரும் மறந்துவிடுகிறோம். காலாப்பட்டில் இருக்கும் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்புகளுக்கு க்யூட். பாடத்துக்கு 50 வினா, 60 நிமிடம், சரிக்கு 5, தவறுக்கு 1 கழிவு, அதிகபட்சம் ஐந்து பாடம். பாடத்திட்டம் பிளஸ் டூ மட்டும்தான், பிளஸ் ஒன் இல்லை. தமிழிலும் எழுதலாம். கணக்குப்பதிவியல், பொருளியல், வரலாறு ஆசிரியர்கள் இதே 10 நிமிடத்தை எடுத்தால் அந்தப் பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் மத்தியப் பல்கலைக்கழகப் படிப்பு. கணினியில் எழுதும் தேர்வு என்பதால் மாதம் ஒருமுறையாவது கம்ப்யூட்டர் லேபில் உட்கார வையுங்கள். விடையைக் கிளிக் செய்துவிட்டு "சேவ்" கொடுக்காமல் அடுத்த வினாவுக்குப் போனால் அந்த விடை கணக்கில் வராது. இதை முதல்முறை தேர்வு அறையில் கண்டுபிடிக்கக் கூடாது.

மழையைப் பற்றியும் யோசியுங்கள். அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை நம் இரண்டு ஊருக்கும் எத்தனை நாள் பள்ளி நடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்து, பின்னாலேயே தென்பெண்ணை வெள்ளம் வந்ததில் பல பள்ளிகள் நாள் கணக்கில் மூடிக் கிடந்தன. ஆசிரியர் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டிய பாடங்களை (நிலை மின்னியல், மின்னோட்டவியல், வினை வேகவியல், மரபியல்) செப்டம்பருக்குள் முடியுங்கள். வீட்டில் தானாக வாசிக்கக்கூடியவை (உயிரியல் மூலக்கூறுகள், மின்காந்த அலைகள், மனித நலனில் நுண்ணுயிரிகள்) நவம்பருக்கு. விடுமுறை அறிவிப்பு வாட்ஸப்பில் வந்தபின் வேலை தேடாமல், அக்டோபர் முதல் வாரத்திலேயே 10 நாளைக்கான வினாத்தாள், நாளுக்கு 20 வினா, அச்சிட்டுக் கையில் கொடுத்துவிட வேண்டும். கரண்ட் இல்லாத நாளில் போனில் அனுப்பிப் பயனில்லை.

வில்லியனூர்_வேதியியல்

பாகூர் மேடம் சொன்னதில் கடலூர்க்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காலாண்டு, அரையாண்டுக்குப் பொதுவான வினாத்தாள் வரும். ஒருவர் மட்டும் பாட வரிசையைத் தலைகீழாக்கினால் பிள்ளைகள் நடத்தாத பாடத்தில் வினாவைப் பார்ப்பார்கள். காலாண்டுக்கு உரிய பாடங்களுக்குள் இடம் மாற்றலாம், அதைத் தாண்டி வேண்டாம்.

பண்ருட்டி_கணக்கு

சீட்டு முறையைப் பற்றி யோசித்தேன். மூன்றில் முதல் வினா எல்லோருக்கும் என்றால் என் மறுப்பில் பாதி போய்விட்டது. மீதிப் பாதி நிற்கிறது: நோட்ஸை ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். பின்தங்கிய 10 பேருக்கு மட்டும் ஒரு பக்கச் சுருக்கம் அச்சிட்டுக் கொடுங்கள், எழுத வைக்க வேண்டாம்.

இப்போது கணிதத்தின் பக்கத்திலிருந்து. இயற்பியல் தடுமாறுவதற்குப் பாதிக் காரணம் கணிதம்தான். பிளஸ் ஒன் இயற்பியலில் இரண்டாவது பாடம் இயக்கவியல். ஜூனிலேயே வகைக்கெழு வேண்டும். கணிதப் புத்தகத்தில் வகை நுண்கணிதம் இரண்டாம் தொகுதியில்தான் வருகிறது. தூய அறிவியல் பிரிவுப் பிள்ளைக்குக் கணிதமே கிடையாது. ஜூன் முதல் இரண்டு வாரத்தில் கணித ஆசிரியர் 6 பீரியட் கடன் கொடுத்தால் வருடம் முழுவதும் பலன் உண்டு. அடுக்கு விதியில் வகைக்கெழுவும் தொகையீடும், சைன் கொசைன் வகைக்கெழு, வெக்டரைக் கூறுகளாகப் பிரிப்பது, நேர்க்கோட்டு வரைபடத்தின் சாய்வு, பரப்பு, சிறுகோணத் தோராயம், மடக்கை. நிரூபணம் எதுவும் வேண்டாம்.

லாக் டேபிள் நீட் அறைக்குள் வராது, கால்குலேட்டரும் வராது. மடக்கை 2 = 0.3010, 3 = 0.4771, இரண்டும் தெரிந்தால் 4, 5, 6, 8, 9 எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து எடுத்துவிடலாம். 5-க்கு 1 − 0.3010 = 0.6990. வர்க்கமூலம் 2 = 1.414, 3 = 1.732. பை வர்க்கத்தை 10 என்று எடுத்தால் அலைவுகள் பாடத்தில் பாதிக் கணக்கு மனக்கணக்காகிவிடும். நடத்தும்போது ஆசிரியரே கால்குலேட்டரைத் தொடக் கூடாது. இதைக் கண்டிப்பாகச் சொல்கிறேன்.

ஜே.இ.இ. முதன்மைத் தேர்வில் பாடத்துக்கு 25, மொத்தம் 75 வினா, 300 மதிப்பெண். பாடத்துக்கு 5 வினா எண்ணாக விடை தர வேண்டியவை, அதற்கும் இப்போது கழிவு உண்டு. ஜனவரியில் முதல் சுற்று. அதற்குள் பிளஸ் டூ தொகை நுண்கணிதம் முடிந்திருக்க வேண்டும் என்பதால் கணித ஆசிரியருக்கு டிசம்பர்தான் கெடு.

லேப்_நெய்வேலி

செய்முறை வகுப்பை யாரும் தொடவில்லையே. 2024 நீட் பாடத்திட்டத்தில் இயற்பியலின் கடைசி அலகே செய்முறைத் திறன்கள். வெர்னியர், திருகு அளவி, தனி ஊசல், மீட்டர் சமனச்சுற்று, ஒத்ததிர்வுக் குழாய், குவியத்தூரம், முப்பட்டகம், டையோடு எல்லாம் உண்டு. வேதியியலிலும் செய்முறைக்கென்று ஓர் அலகு இருக்கிறது. ரெக்கார்டைப் பார்த்து எழுதிவிட்டுப் போகும் பிள்ளைக்கு இந்த மதிப்பெண் கிடைக்காது.

திருகு அளவியை எடுத்துக்கொள்ளுங்கள். புரியிடைத் தூரம் 1 மி.மீ., தலைக்கோலில் 100 பிரிவு, மீச்சிற்றளவு 0.01 மி.மீ. இது எல்லோருக்கும் தெரியும். சுழிப்பிழையின் குறிதான் சிக்கல். முனைகள் சேர்ந்திருக்கும்போது தலைக்கோலின் சுழி குறிப்புக் கோட்டுக்குக் கீழே நின்றால் நேர்ப்பிழை, அளவீட்டிலிருந்து கழிக்க வேண்டும். மேலே நின்றால் எதிர்ப்பிழை, கூட்ட வேண்டும். சொல்லிக்கொடுத்தால் மறுநாள் மாறிவிடும். மூன்று அளவிகளை வேறு வேறு சுழிப்பிழையோடு மேசையில் வைத்து, ஒரே கம்பியை மூன்றிலும் அளக்கச் சொல்லுங்கள். திருத்தியபின் மூன்றிலும் ஒரே விட்டம் வராவிட்டால் எங்கோ குறி தப்பியிருக்கிறது என்று அவர்களே தேடுவார்கள். லேபில் பழசாகிப் பிழை காட்டும் அளவிகளைத் தூக்கிப் போடாதீர்கள், இதற்கு அவைதான் வேண்டும்.

நெல்லிக்குப்பம்_உயிரியல்

தேர்வு வைப்பதைப் பற்றி. வாரம் ஒரு தேர்வு, ஒரு பீரியட், 40 வினா, 35 நிமிடம், ஓ.எம்.ஆர். தாளில் (விடைக்கான வட்டத்தை நிரப்பும் தாள்). ஜெராக்ஸ் எடுத்த ஓ.எம்.ஆர். போதும். வினாத்தாளில் விடையைக் குறித்துவிட்டுக் கடைசியில் மொத்தமாக வட்டம் நிரப்பும் பழக்கத்தை முதல் வாரமே உடைக்க வேண்டும். ஒரு வினாவை விட்டுவிட்டு அடுத்ததைக் குறிக்கும்போது ஒரு வரி இறங்கி, அதன்பின் வரும் எல்லாமே தப்பாகும். பத்து வினாவுக்கு ஒருமுறை எண்ணைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

கழிவு மதிப்பெண்ணுக்குப் பயந்து தெரிந்ததையும் விடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நீட்டில் சரிக்கு 4, தவறுக்கு 1 கழிவு என்ற கணக்கைக் காட்டுங்கள். நான்கில் இரண்டை உறுதியாக அடித்துவிட்டால் மீதி இரண்டில் குருட்டாம்போக்காகக் குறித்தாலும் சராசரியாக ஒன்றரை மதிப்பெண் வரவு. ஒன்றை மட்டும் அடித்தால் முக்கால் மதிப்பெண்ணுக்கும் குறைவு. எதையுமே அடிக்க முடியவில்லை என்றால் கால்தான், அந்த வினாவில் நின்று நேரத்தைச் செலவழிக்காமல் நகர்ந்துவிடலாம்.

தேர்வுக்கு மறுநாள் ஒரு பீரியட் திருத்தத்துக்கு. பிழை நோட்டு என்று தனி நோட்டு, வினாவுக்கு ஒரு வரி: பாடம் தெரியவில்லை, வினாவைத் தப்பாக வாசித்தேன், கணக்கில் பிழை, நேரமில்லை. நான்கில் எது என்று மட்டும் எழுதினால் போதும். "தவறான கூற்று எது" என்று கேட்டிருக்கச் சரியான கூற்றைக் குறித்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். அவர்களுக்கு உயிரியல் இன்னும் நடத்த வேண்டியதில்லை, அந்தச் சொல்லைச் சுற்றி வட்டம் போடப் பழக்க வேண்டும்.

தரவரிசையை நோட்டீஸ் போர்டில் ஒட்டாதீர்கள். 720-க்கு 90 எடுத்த பிள்ளையின் பெயர் எல்லோர் கண்ணிலும் படும்படி தொங்கினால் அடுத்த வாரம் அந்தப் பிள்ளை தேர்வன்று வராது. முழுத்தேர்வை ஆகஸ்டிலேயே ஆரம்பிப்பதும் இப்படித்தான். பாதிப் பாடம் நடத்தாமல் 180 வினா கொடுத்தால் அவர்கள் கற்றுக்கொள்வது தோல்வியை மட்டும்தான். ஜனவரி வரை நடத்திய பாடத்திலிருந்து மட்டும் கேளுங்கள்.

மஞ்சக்குப்பம்_இயற்பியல்

எல்லாம் சரி, வினாக்களை யார் தயாரிப்பது? ஒரே ஆள் 375 எழுத முடியாது. இணையத்தில் கிடைக்கும் தொகுப்புகளில் விடைக்குறிப்பே தப்பாக இருக்கிறது. பிரித்துக்கொள்வோம். இங்கே எழுதியவர்கள் ஆளுக்கு ஒரு பாடம், 20 வினா. ஒவ்வொரு தவறான விடைக்குப் பக்கத்திலும் எந்தக் குழப்பத்தால் அது வரும் என்று ஒரு வரி. எழுதியவர் விடைக்குறிப்பு இல்லாமல் இன்னொருவருக்கு அனுப்ப வேண்டும், அவர் போட்டுப் பார்த்து விடை ஒத்துப்போனால்தான் பொதுத்தொகுப்பில் சேர்க்க வேண்டும். நீட்டில் இல்லாத பகுதியிலிருந்து (தகவல்தொடர்பு அமைப்புகள், இயற்பியலின் அண்மைக்கால வளர்ச்சிகள்) யாரும் எழுத வேண்டாம்.

நான் நிலை மின்னியல் எடுத்துக்கொள்கிறேன். பண்ருட்டி சார் போட்டுப் பார்க்க முடியுமா?

பண்ருட்டி_கணக்கு

அனுப்புங்கள் சார். நான் இயக்கவியலுக்கு வேண்டிய வகைக்கெழு 20 எழுதுகிறேன், பிளஸ் ஒன் முதல் வாரத்துக்கே வேண்டுமே. பின் பெஞ்சுக்கான ஒரு பக்கச் சுருக்கத்தையும் சேர்த்தே அனுப்புகிறேன்.

வில்லியனூர்_வேதியியல்

அயனிச் சமநிலை என்னுடையது. தமிழில் எழுதினால் இங்கே பயன்படாது, ஆங்கிலத்தில் மட்டும் எழுதினால் அங்கே பயன்படாது. இரண்டு மொழியிலும் அடுத்தடுத்து எழுதிவிடுகிறேன், கலைச்சொல்லை நெல்லிக்குப்பம் மேடம் ஒருமுறை பார்த்துக் கொடுங்கள். மாநிலப் புத்தகத்தில் எந்தச் சொல் இருக்கிறதோ அதையே வைப்போம்.

நெல்லிக்குப்பம்_உயிரியல்

பார்த்துத் தருகிறேன் சார். எழுத்துரு யூனிகோடில் இருக்கட்டும், பழைய எழுத்துருவில் வந்தால் ஜெராக்ஸ் கடையில் கட்டம் கட்டமாக வரும்.